வீட்டுக்குள் அப்பாவின் புகை, தம்பியின் சட்டையில் சிகரெட் வாடை: எங்கிருந்து தொடங்குவது?

வெண்பனி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் அப்பா மட்டுமே புகைபிடிக்கிறார். எனக்கு நினைவு தெரிந்த காலம் முதல் அவருக்கு இந்தப் பழக்கம் இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் எதிரில் பிடிக்கக்கூடாது என்பதில் தமக்குத் தெரிந்த அளவுக்கு அவர் கவனமாகவே இருந்திருக்கிறார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பால்கனிக்குச் சென்று கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொள்வார். மழை நாட்களில் குளியலறைக்குள் சென்று, காற்றை வெளியேற்றும் விசிறியைப் போட்டுக்கொள்வார். காரில் செல்லும்போது தம் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கையை வெளியே நீட்டியபடி பிடிப்பார். இவ்வளவும் செய்த பிறகு வீட்டில் உள்ளவர்களுக்குப் பாதிப்பு எதுவும் இருக்க முடியாது என்பது அவருடைய உறுதியான எண்ணம்.

நான் வேலையின் பொருட்டு வெளியூரில் தங்கியிருக்கிறேன். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தபோது, பத்தாம் வகுப்பில் படிக்கும் என் தம்பியின் சட்டையைத் துவைக்கப் போட எடுத்தேன். அதில் சிகரெட் வாடை அடித்தது. அம்மாவிடம் சொன்னதற்கு, "உங்க அப்பா பிடிக்கிற வீட்டில் எந்தத் துணியில்தான் அந்த வாடை இல்லை?" என்று கேட்டார். அதுவும் உண்மைதான். இரண்டு நாள் அங்கே தங்கியதில் என் துணிகளிலும் அதே வாடை ஏறியிருந்தது. ஆகவே தம்பியின் சட்டையில் இருந்தது அப்பாவின் புகையா, அவனுடைய புகையா என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை. வாசனை மிட்டாயை அவன் அடிக்கடி மெல்வதையும் பார்த்தேன். பதினைந்து வயதில் மிட்டாய் மெல்வதை வைத்து ஒருவனைச் சந்தேகிப்பது முறையா என்றும் தெரியவில்லை.

அவனுக்குச் சிறுவயதில் மூச்சிளைப்பு இருந்தது என்பதால் என் கவலை இரட்டிப்பாகிறது. பால்கனி, விசிறி, கார்க் கண்ணாடி என்று அப்பா செய்துவரும் ஏற்பாடுகளால் உண்மையிலேயே பயன் உண்டா? தம்பி தானே பிடிக்கிறானா அல்லது அப்பாவின் புகையைத்தான் சுவாசிக்கிறானா என்பதை ஏதேனும் பரிசோதனையின் மூலம் அறிய முடியுமா? வீட்டில் பிறர் விடும் புகையைச் சுவாசித்தே வளரும் பிள்ளைகள் பின்னர் தாமும் பிடிக்கத் தொடங்குகிறார்கள் என்று சொல்வதில் எவ்வளவு உண்மை இருக்கிறது? தம்பியிடம் முதலில் பேசுவதா, அப்பாவிடம் முதலில் பேசுவதா என்பதும் எனக்குத் தெளிவாகவில்லை. விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


மூச்சுக்காற்று எழுதியது:

வெண்பனி அவர்களுக்கு வணக்கம். நுரையீரல் மருத்துவம் பார்ப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் அப்பா அக்கறையில்லாதவர் அல்லர் என்பது நீங்கள் எழுதியிருப்பதிலிருந்தே புரிகிறது. புகை எந்த வழியாக எப்படிப் பரவுகிறது என்பதை அவருக்கு யாரும் விளக்கிச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

புகைபிடிப்பவர் இழுத்து வெளியே விடும் புகைதான் பிறரைப் பாதிக்கிறது என்று பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். உண்மையில், பக்கத்தில் இருப்பவர் சுவாசிக்கும் புகையில் ஏறத்தாழ 85 விழுக்காடு, இரண்டு இழுப்புகளுக்கு இடையே சிகரெட் விரலிடுக்கில் தானாகக் கனன்றுகொண்டிருக்கும்போது அதன் நுனியிலிருந்து எழுவது. இழுக்கும் கணத்தில் நுனியின் வெப்பம் 900 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏறும். சும்மா கனலும்போது அது 600 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். வெப்பம் குறையும்போது புகையிலை அரைகுறையாக எரிகிறது. அரைகுறையாக எரியும்போது நஞ்சுகள் கூடுதலாக உண்டாகின்றன. அந்தப் புகை சிகரெட்டின் வடிகட்டி வழியாகவும் போவதில்லை. எனவே ஒரே எடையுள்ள புகையை ஒப்பிட்டால், புற்றுநோயை உண்டாக்கும் பொருள்கள் பல, பிடிப்பவர் உள்ளிழுப்பதைவிடப் பக்கத்தில் இருப்பவரை அடையும் புகையில்தான் அடர்த்தியாக இருக்கின்றன. புகையிலைப் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் அடையாளம் காணப்பட்டுள்ளன. அவற்றில் ஏறத்தாழ 70 புற்றுநோய் உண்டாக்குபவை.

பால்கனியில் பிடிக்கும்போது கதவு ஒருக்களித்திருந்தால் காற்று வீசும் திசையைப் பொறுத்துப் புகை உள்ளே வந்துகொண்டேதான் இருக்கும். கதவை முழுவதும் சாத்தினாலும், கடைசி இழுப்பை இழுத்து முடித்த உடனேயே உள்ளே வருபவரின் மூச்சில் ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்குப் புகைத்துகள்கள் வெளிவருகின்றன. அவருடைய சட்டை, தலைமுடி, கைகள் ஆகியவற்றில் படிந்த நிக்கோட்டின் வேறு. முடிந்தால் பால்கனிக் கதவுக் கண்ணாடியின் உட்பக்கத்தை ஈரமான வெள்ளைத் துணியால் ஒருமுறை அழுத்தித் துடைத்துப் பாருங்கள். வெறும் தூசியாக இருந்தால் துணி சாம்பல் நிறமாகும், புகைப்படிவாக இருந்தால் பழுப்பேறும். அப்படி மேற்பரப்புகளில் படியும் நிக்கோட்டின், காற்றில் உள்ள நைட்ரஸ் அமிலத்தோடு வினைபுரிந்து புற்றுநோய் உண்டாக்கும் நைட்ரோசமின்களைத் தோற்றுவிக்கிறது என்பதும் ஆய்வகத்தில் காட்டப்பட்டுள்ளது.

குளியலறை விசிறியைப் பற்றி எழுத அதிகம் இல்லை. தனி அறை, காற்றோட்டம், காற்றுச் சுத்திகரிப்பான் ஆகிய எவற்றாலும் உட்புறத்தில் பிடிக்கப்படும் புகையின் பாதிப்பை முழுமையாக நீக்க முடியாது என்றும், பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்றும் அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரியின் 2006-ஆம் ஆண்டு அறிக்கை தெளிவாகக் கூறிவிட்டது. காரின் நிலைமை இன்னும் மோசம். இடம் மிகக் குறுகியதாகையால் கண்ணாடியை இறக்கிவிட்டிருந்தாலும் பின்னிருக்கையில் துகள்களின் அடர்த்தி மிக அதிகமாகிறது. 18 வயதுக்குட்பட்டவர் இருக்கும் காரில் புகைபிடிப்பதை இங்கிலாந்து 2015 அக்டோபர் 1 முதல் சட்டவிரோதமாக்கியதற்குக் காரணம் இதுதான்.

பிறர் புகையால் பெரியவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் அபாயம் 20 முதல் 30 விழுக்காடும், இதயநோய் வரும் அபாயம் 25 முதல் 30 விழுக்காடும் கூடுகின்றன. புகைபிடிக்காத மனைவியருக்குக் கணவரின் சிகரெட்டால் புற்றுநோய் வருவதை ஜப்பானியரான ஹிரயாமா 1981-இல் வெளியிட்டபோது புகையிலைத் தொழில்துறை அதைக் கடுமையாக எதிர்த்தது. பின்னர் வந்த ஆய்வுகள் அவர் பக்கமே நின்றன. ஆகவே உங்கள் அம்மாவையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் தம்பியைப் பொறுத்தவரை, பதினைந்து வயதில் நுரையீரலின் வளர்ச்சி முடிந்துவிடுவதில்லை. இளைப்பு வந்து தணிந்த பிள்ளைக்கு மூச்சுக்குழாய்கள் எளிதில் எரிச்சலடைந்து சுருங்கும் தன்மையோடு இருக்கும். அவனுக்கு இரவில் இருமல் வருகிறதா, விளையாடும்போது மற்றவர்களுக்கு முன்னதாகவே மூச்சு வாங்குகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

பரிசோதனை உண்டு. நிக்கோட்டின் உடலில் சிதைந்து கோட்டினைன் என்ற பொருளாக மாறுகிறது. இரத்தம், உமிழ்நீர், சிறுநீர் ஆகியவற்றில் அதை அளக்கலாம். புகை மிகுந்த சூழலில் இருந்தாலும் தாம் பிடிக்காதவரின் இரத்தத்தில் பொதுவாக மில்லிலிட்டருக்கு 1 முதல் 10 நானோகிராம் வரையே இருக்கும். நாள்தோறும் பிடிப்பவருக்கு அது பெரும்பாலும் நூறைத் தாண்டும். ஆனால் கோட்டினைன் ஏறக்குறைய 16 முதல் 20 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துவிடுவதால், வாரக்கடைசியில் நண்பர்களோடு ஒன்றிரண்டு பிடிக்கும் சிறுவனின் அளவு வியாழக்கிழமையன்று அப்பாவின் புகையைச் சுவாசிப்பவனின் அளவோடு கலந்துவிடும். அதாவது, உங்களுக்கு எந்த விடை தேவையோ அந்த விடையை இந்தச் சோதனை உறுதியாகத் தராது. வேறு ஏதோ சோதனை என்று பொய் சொல்லி அவனுக்குத் தெரியாமல் இரத்தம் எடுப்பதை நான் எந்த நிலையிலும் பரிந்துரைக்க மாட்டேன். அது ஒருநாள் தெரியவரும்போது, அதன் பிறகு அவன் எந்த மருத்துவரையும் நம்ப மாட்டான்.


கணக்குப்பிள்ளை எழுதியது:

மருத்துவர் ஐயா உடல்நலத் தீங்கைப் பற்றி எழுதியதில் எனக்கு ஐயம் ஏதும் இல்லை. ஆனால் வெண்பனி அவர்கள் கேட்ட மூன்றாவது கேள்விக்கு விடை சொல்லும்போது எச்சரிக்கை தேவை என்று நினைக்கிறேன். புள்ளியியல் படிப்பவன் என்பதால் இந்தக் குறுக்கீட்டைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புகைபிடிக்கும் பெற்றோரின் பிள்ளைகள் அதிகமாகப் புகைபிடிக்கிறார்கள் என்ற தகவலை வைத்துக்கொண்டு, அவர்கள் சுவாசித்த புகையே அவர்களை அந்தப் பழக்கத்துக்குள் தள்ளியது என்று முடிவுகட்டிவிட முடியாது. அதே வீட்டில் அலமாரியின் மேல் திறந்த சிகரெட் பெட்டியும் தீப்பெட்டியும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கின்றன. ஒன்று குறைந்தால் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. தந்தையைப் போல இருக்க வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. நிக்கோட்டினுக்கு எளிதில் அடிமையாகும் தன்மை மரபணு வழியாகவே வந்திருக்கலாம். குடும்பத்தின் மனஅழுத்தம், பொருளாதார நிலை, சுற்றியுள்ளவர்களின் பழக்கம் என்று இன்னும் எத்தனையோ காரணிகள் தந்தைக்கும் மகனுக்கும் பொதுவானவை. இவற்றையெல்லாம் பிரித்தெடுக்காமல் "புகையைச் சுவாசித்ததால் புகைபிடித்தான்" என்று சொல்வது, கேட்பதற்குப் பொருத்தமாக இருந்தாலும், நிறுவப்பட்டதாகாது. அப்பாவிடம் இதை ஒரு குற்றச்சாட்டாக வைத்தால், அவர் இந்தக் கேள்வியையே திருப்பிக் கேட்டு உங்கள் வாயை அடைத்துவிடவும் கூடும்.


மரத்தடி எழுதியது:

பள்ளியில் மாணவர்களுக்கு ஆலோசனை வழங்கும் பணியில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். கணக்குப்பிள்ளை எழுப்பிய கேள்வி சரியானதே. இந்தத் துறையில் இருப்பவர்களும் அதே கேள்வியோடு பலகாலம் மல்லுக்கட்டியிருக்கிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் தொடர்பின் அளவைப் பார்ப்போம். 58 ஆய்வுகளைத் தொகுத்து 2011-இல் வெளியான ஒரு பகுப்பாய்வின்படி, பெற்றோரில் ஒருவர் புகைபிடித்தால் பிள்ளை புகைபிடிக்கத் தொடங்கும் வாய்ப்பு ஏறத்தாழ 1.7 மடங்காகவும், இருவரும் பிடித்தால் ஏறத்தாழ 2.7 மடங்காகவும் உயர்கிறது. அண்ணனோ அக்காளோ பிடித்தாலும் அது 2.3 மடங்காகிறது. இவற்றில் எவ்வளவு மரபணு, எவ்வளவு பார்த்துப் பழகியது என்று பிரிப்பது கடினம்தான். ஆனால் மரபணுவை மாற்றாமல் வீட்டை மட்டும் மாற்றினால் என்ன நடக்கிறது என்று பார்க்க வழி இருக்கிறது. பிள்ளைக்கு எட்டு ஒன்பது வயதாகும் முன்பே பெற்றோர் இருவரும் பழக்கத்தை விட்டுவிட்ட குடும்பங்களை, இருவரும் தொடர்ந்து பிடித்த குடும்பங்களோடு ஒப்பிட்ட ஒரு நீண்டகால ஆய்வில், பிள்ளைகள் பள்ளி இறுதி வகுப்பில் நாள்தோறும் புகைபிடிப்பவர்களாக இருக்கும் வாய்ப்பு 39 விழுக்காடு குறைவாக இருந்தது. மரபணு அப்படியேதான் இருந்தது, மாறியது வீடு. விட்டுவிடும் பெற்றோர் வேறு வகைகளிலும் மாறுபட்டவர்களாக இருக்கலாம் என்று கணக்குப்பிள்ளை சொல்வார்; சொல்லட்டும், அதில் நியாயமும் உண்டு.

இன்னொரு சான்று, வீட்டு விதியைப் பற்றியது. அமெரிக்காவில் 17,287 உயர்நிலைப்பள்ளி மாணவர்களிடம் எடுக்கப்பட்டு 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், வீட்டுக்குள் யாரும் பிடிக்கக்கூடாது என்ற விதி முழுமையாக இருந்த இடங்களில், பெற்றோர் புகைபிடிப்பவர்களா இல்லையா என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பின்னும், மாணவர்களிடையே பழக்கம் குறைவாக இருந்தது. பால்கனிக் கதவை ஒருக்களித்து வைப்பது இந்த விதிக்குள் வராது என்பதை வெண்பனி அவர்கள் கவனிக்க வேண்டும்.

சுவாசிக்கும் புகை நேரடியாக மூளையில் வேலை செய்கிறதா என்ற கேள்வி இருக்கிறதே, அதுதான் எனக்கு மிகுந்த வியப்பை அளித்தது. 2011-இல் வெளியான ஒரு ஆய்வில், தன்னார்வலர்களைக் காரில் ஒரு மணி நேரம் பிறர் விடும் புகையில் அமர்த்தி, மூளையைப் படமெடுத்துப் பார்த்தார்கள். நிக்கோட்டின் சென்று ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகளில் சராசரியாக 19 விழுக்காடு நிரம்பியிருந்தது. புகைபிடிக்காதவர்களிடமும் அதே நிலைதான். கனடாவில் 10 முதல் 12 வயதுச் சிறுவர்களிடம் நடந்த இன்னோர் ஆய்வில், தம் வாழ்நாளில் ஒருமுறைகூடப் பிடித்திராத பிள்ளைகளில் 5 விழுக்காட்டினர், சிகரெட் மேல் ஏக்கம் போன்ற, நிக்கோட்டின் சார்பின், அதாவது அது இல்லாமல் இருக்க முடியாத நிலையின், அறிகுறிகளைத் தெரிவித்தார்கள். பிறர் புகையை அதிகம் சுவாசித்தவர்களிடம் அது கூடுதலாகக் காணப்பட்டது. இவை மட்டுமே போதுமான நிரூபணம் ஆகா. ஆனால் பதின்வயது மூளை நிக்கோட்டினால் எளிதில் பழக்கப்படக்கூடியது என்பதையும், முன்யோசனைக்கும் கட்டுப்பாட்டுக்கும் பொறுப்பான முன்மூளைப் பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கும்போது, "அவன் பிடிக்கவில்லை, சுவாசிக்கத்தானே செய்கிறான்" என்று விட்டுவிட என் மனம் ஒப்பவில்லை.

இனி உங்கள் தம்பியைப் பற்றி. ஒரே ஒரு சிகரெட்டாவது பிடித்துப் பார்த்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், ஏதோ ஒரு காலத்திலாவது, நாள்தோறும் பிடிப்பவர்களாக ஆகிவிடுகிறார்கள் என்று 2,00,000-க்கும் மேற்பட்டோரின் விவரங்களைத் தொகுத்த ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. நாள்தோறும் பிடிக்கத் தொடங்குவதற்கு முன்பே, எப்போதாவது பிடிக்கும் கட்டத்திலேயே, விடமுடியாமையின் அறிகுறிகள் பல சிறுவர்களிடம் தோன்றிவிடுகின்றன. ஆகவே அவன் பிடிக்கிறான் என்று உறுதியாகும் வரை காத்திருக்கத் தேவையில்லை. பிடிக்கவில்லையென்றாலும் பேச வேண்டிய வயதுதான் அது.

பேசும்போது சட்டையை நீட்டி "இது என்ன வாடை?" என்று தொடங்காதீர்கள். விசாரணை என்று தெரிந்த கணத்தில் பதின்வயதுப் பிள்ளை வாயை மூடிக்கொள்வான்; மூடிய வாயைத் திறக்க மாதங்கள் ஆகும். வகுப்பில் யாராவது பிடிக்கிறார்களா, அவனுக்கு யாராவது நீட்டியிருக்கிறார்களா, அப்போது என்ன சொன்னான் என்று அவனுடைய உலகத்திலிருந்து கேளுங்கள். அறுபது வயதில் வரும் புற்றுநோயைச் சொல்லிப் பயமுறுத்துவதால் என்னிடம் வரும் மாணவர்கள் யாரும் மாறியதாக நினைவில்லை. தம்முடைய விருப்பத்தைத் தாங்கள் அல்ல, சிகரெட் விற்பவர்கள் தீர்மானிக்கிறார்கள் என்பது அவர்களைச் சீண்டும். ஓட்டத்தில் பின்தங்குவதும் இளைப்பு மீண்டும் வருவதும் அவர்களுக்கு உறைக்கும்.


பழைய பயணி எழுதியது:

மகள் தன் தந்தையைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்தபோது, அந்தத் தந்தையின் இடத்திலிருந்து யாராவது பேச வேண்டும் என்று தோன்றியது. நான் நெடுங்காலம் புகைபிடித்து, பிறகு விட்டவன். எனக்கும் பதின்வயதில் மகன் உண்டு.

மகளே, அப்பாவிடம்தான் முதலில் பேசுங்கள். ஆனால் தம்பியின் சட்டையை அங்கேயும் எடுத்துச் செல்லாதீர்கள். "உங்களால்தான் அவன் கெட்டுப்போகிறான்" என்ற பொருள் தொனித்துவிட்டால், வெட்கம் கோபமாக மாறி வெளிவரும். கோபம் வந்தவுடன் எங்கள் ஆட்கள் முதலில் செய்வது இன்னொரு சிகரெட்டைப் பற்றவைப்பதுதான். அவருடைய ஏற்பாடுகளை மதித்துத் தொடங்குங்கள். எங்களுக்காகத்தான் பால்கனிக்குப் போகிறீர்கள் என்று தெரியும், ஆனால் அது போதவில்லை என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள் என்று ஆரம்பித்தால் அவர் காது கொடுப்பார். அந்தக் கண்ணாடியை அவர் எதிரிலேயே துடைத்துக் காட்டலாம். எனக்கு அப்படி யாராவது காட்டியிருந்தால் நான் வாதாடியிருக்க மாட்டேன்.

முதல் நாளே விட்டுவிடச் சொல்லாமல், வீட்டுக்குள்ளும் காருக்குள்ளும் அறவே கூடாது, கீழே தெருவுக்கு இறங்கிச் சென்றுதான் பிடிக்க வேண்டும் என்ற ஒன்றை மட்டும் கேளுங்கள். இதில் ஒரு மறைமுக நன்மையும் உண்டு. ஒவ்வொரு முறையும் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்க வேண்டியிருந்தால், பழக்கத்தின் காரணமாகக் கை தானாகச் செல்லும் சிகரெட்டுகள் தாமாகவே உதிர்ந்துவிடும். எஞ்சுபவை உடல் கேட்பவை. அவற்றுக்கு மருத்துவ உதவி இருக்கிறது. நிக்கோட்டின் ஒட்டுப்பட்டை, நிக்கோட்டின் சூயிங்கம், மருத்துவர் எழுதித்தரும் வரெனிக்லின் மாத்திரை ஆகியவை வெறும் மனவுறுதியை மட்டும் நம்பி விடுவதைவிட வெற்றி வாய்ப்பைக் கூட்டுகின்றன. விட்ட முதல் சில நாட்களில்தான் எரிச்சலும் தூக்கமின்மையும் உச்சத்தில் இருக்கும்; பெரும்பாலோருக்கு அவை இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணிந்துவிடுகின்றன. அந்த நாட்களில் அப்பா எரிந்து விழுவார் என்று அம்மாவிடமும் தம்பியிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வீட்டில் உள்ளவர்கள் "இதுக்கு நீங்க பிடிச்சே தொலைச்சிருக்கலாம்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால் அத்தோடு முடிந்தது கதை.

பிள்ளையிடம் எந்த முகத்தோடு சொல்வது என்பதே புகைபிடிக்கும் தந்தையின் பெரிய தடை. நானே பிடிக்கிறேன், அவனைப் பிடிக்காதே என்று எப்படிச் சொல்வேன் என்று வாளாவிருந்துவிடுவார்கள். ஆனால் புகைபிடிக்கும் பெற்றோர் தம் பிள்ளைகளிடம் இதைப் பற்றி முறையாகப் பேசுவதற்கு உதவிய ஒரு திட்டத்தைச் சோதித்தபோது, மூன்று ஆண்டுகள் கழித்து, புகையை முயன்று பார்த்த பிள்ளைகள் பேசிய குடும்பங்களில் 12 விழுக்காடாகவும் மற்றவற்றில் 19 விழுக்காடாகவும் இருந்தார்கள். அந்தப் பெற்றோர் பிடிப்பவர்களாகவே இருந்தும் இந்த வேறுபாடு. விட முடியாமல் தவிப்பவன் சொல்லும்போது அதற்குத் தனி வலு இருக்கிறது போலும். உங்கள் அப்பா தாம் எந்த வயதில் தொடங்கினார், எத்தனை முறை விட முயன்றார் என்பதைத் தம் மகனிடம் தாமே சொல்லட்டும்.

பெட்டியை அலமாரியின் மேல் வைக்காமல் தம்மிடமே வைத்துக்கொள்ளச் சொல்லவும் மறக்காதீர்கள். கணக்குப்பிள்ளை சொன்னதிலேயே மிகவும் நடைமுறைக்கு உகந்தது அதுதான்.


வெண்பனி எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று அப்பாவிடம் தொலைபேசியில் பேசினேன். கோபப்படவில்லை. வீட்டுக்குள் பிடிப்பதை நிறுத்திக்கொள்கிறேன் என்றார்; ஆனால் அலுவலக நண்பர் ஒருவர் மின்சிகரெட்டுக்கு மாறிவிட்டதாகவும், அதில் புகை இல்லை, ஆவிதான் வருகிறது என்பதால் அதை வீட்டுக்குள்ளேயே பயன்படுத்தலாம் என்றும் கேள்விப்பட்டதாகச் சொன்னார். இதற்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. மேலும், தம்பியிடம் பேசும்போது அவன் "ஆமாம், பிடித்தேன்" என்று ஒப்புக்கொண்டுவிட்டால் அதற்குப் பிறகு நான் செய்ய வேண்டியது என்ன?


மூச்சுக்காற்று எழுதியது:

மின்சிகரெட்டிலிருந்து வருவது நீராவி அன்று. நிக்கோட்டின், மிக நுண்ணிய துகள்கள், சூடேற்றப்பட்ட கரைப்பான்கள், சுவையூட்டிகள் ஆகியவை கலந்த தூவல் அது. எரியும் சிகரெட்டைவிட அதில் நஞ்சுகள் குறைவு என்பது உண்மை. அதனால் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளத் தக்கது என்று பொருளாகாது. இளைப்பு இருந்த பிள்ளையின் மூச்சுக்குழாயை அது எரிச்சலூட்டக்கூடும். அதைவிட எனக்குக் கவலையளிப்பது, இனிப்புச் சுவையோடும் வாடை தங்காமலும் இருக்கும் ஒரு கருவி பதினைந்து வயதுப் பையனின் கைக்கு எட்டும் இடத்தில் கிடப்பது. சட்டையில் வாடைகூட வராது. சில நாடுகளில் அதன் விற்பனையே தடைசெய்யப்பட்டுள்ளது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பா மாற விரும்புகிறார் என்றால், அந்த விருப்பத்தை ஒட்டுப்பட்டையை நோக்கியோ மருந்தை நோக்கியோ திருப்பிவிடுங்கள்.

தம்பி ஒப்புக்கொண்டால், சொன்னதற்கு முதலில் நன்றி சொல்லுங்கள். அப்பாவிடம் உடனே போய்ச் சொல்லிவிடாதீர்கள், எப்போது, யார் சொல்வது என்பதை அவனோடு கலந்து முடிவுசெய்யுங்கள். எப்போது பிடிக்கத் தோன்றுகிறது என்று கேளுங்கள். நண்பர்களோடு இருக்கும்போது மட்டும் என்றால், பழக்கம் இன்னும் வேர்பிடிக்கவில்லை என்று கொள்ளலாம்; அந்த நண்பர் கூட்டத்தில் எப்படி மறுப்பது என்பதை மரத்தடி அவர்களைப் போன்ற ஒருவரோடு பயிற்சி செய்தாலே பெரும்பாலும் போதும். தனியாக இருக்கும்போதும், குறிப்பாகக் காலையில் எழுந்த சிறிது நேரத்திலேயே ஏக்கம் வருகிறது என்றால், அது நிக்கோட்டின் சார்பு. மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பெரியவர்களுக்கான மருந்துகளைப் பதின்வயதினருக்கு நாமாக வாங்கிக் கொடுக்கக்கூடாது.

அவன் ஒப்புக்கொண்டாலும் ஒப்புக்கொள்ளாவிட்டாலும், இளைப்பைக் காரணமாக வைத்து நுரையீரலின் செயல்திறனை அளக்கும் ஊதுசோதனை ஒன்றைச் செய்துவிடுவது நல்லது. அதில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. வலியும் இல்லை, குழாய்க்குள் பலமாக ஊதினால் போதும். என்னிடம் வரும் இந்த வயதினரை, பெற்றோரைச் சற்று வெளியே அமரச் சொல்லிவிட்டுத் தனியாக விசாரிப்பது என் வழக்கம். வேறு பல மருத்துவர்களும் அவ்வாறே செய்வார்கள். ஆகவே அந்தச் சட்டைக்கான விடையை நீங்கள் கறந்தெடுக்க வேண்டியதில்லை. அப்பாவையும் உடன் வரச் சொல்லுங்கள். அவருக்கும் அதே சோதனையை அன்றே செய்துவிடலாம்.